மலைக்கு மேலே சிம்மேந்திரமத்யமம்

போளூரில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் நான் கிளாரினெட் வாசித்தேன். ஐம்பதுகளின் நடுவில் சேர்ந்து, அறுபதுகள் முடியும் வரைக்கும் அதுதான் பிழைப்பு. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நாதஸ்வரம். எனக்குச் சின்ன வயதில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, இரண்டு மழைக்காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். அதற்குப் பிறகு டாக்டர் நாயனம் ஊதக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா அதைப் பற்றிப் புலம்பவில்லை. வேலூருக்குப் போய் ஒரு பழைய கிளாரினெட்டை வாங்கி வந்து, "இதுக்கு மூச்சு கம்மியா இருந்தா போதும்" என்று கையில் கொடுத்தார். அப்படித்தான் ராகம் வீட்டிலும் பிழைப்பு பேண்டிலும் என்று ஆயிற்று.

எங்கள் மாஸ்டர் கண்டிப்பானவர். சிவப்புக் கோட்டில் ஒரு பொத்தான் விட்டுப்போயிருந்தால் ஊர்வலத்தில் நிற்க விடமாட்டார். பேண்டு என்பது சந்தோஷத்துக்கு என்பது அவர் கொள்கை. ஊர்வலத்தில் நடந்து வருகிறவனுடைய கால் தன்னால் தாளம் போட வேண்டும். போடவில்லை என்றால் பாட்டை மாற்று என்பார்.

அந்தச் செட்டுக்கு டிரம்பெட் வாசிக்க ஒருவர் வந்து சேர்ந்தார். வாணியம்பாடிக்காரர். குடும்பத்தில் எல்லோரும் தோல் வியாபாரம். இவர் மட்டும் பட்டாள பேண்டில் சேர்ந்து, சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். தோல் வாசனை தலைவலி தருகிறது என்று சொல்லிக்கொண்டு டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு போளூர் வந்துவிட்டார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டோம். தாளில் எழுதிய ஸ்வரக் குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர் எங்களில் அவர் ஒருவர்தான்.

மணிலாக்கொட்டை மண்டி ஒன்றின் கிடங்கு, கடலை வராத மாதங்களில் காலியாகக் கிடக்கும். அங்கேதான் ஒத்திகை. ஒரு நாள் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் பாய் தனியாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். க-விலிருந்து ம-வுக்கு ஒரு தாண்டல். அப்புறம் த-விலிருந்து நி-க்கு இன்னொரு தாண்டல். இரண்டு இடத்திலும் படி ஒன்று குறைந்த மாதிரி நெஞ்சு ஒரு கணம் அந்தரத்தில் நின்று இறங்கும். அது எனக்குத் தெரிந்த ராகம்.

"பாய், இது இன்னா தெரியுமா? சிம்மேந்திரமத்யமம்."

"அட போய்யா. இது ஜிப்சி மைனர். எங்க பேண்டு மாஸ்டர் வெள்ளக்காரன், அவன் போர்டுல எழுதிப் போட்டுக் கத்துக்குடுத்தான். அவன் இன்னா உங்க கோயில்லயா படிச்சிட்டு வந்தான்?"

"எங்க வேணா படிச்சிட்டு வரட்டும். ஸ்வரம் அதான்."

அவர் நம்பவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். இரண்டு வாத்தியத்துக்கும் சுருதி ஒன்றுதான். அவர் ஒரு ஸ்வரம் ஊதுவார், நான் அதையே ஊதுவேன். ச. ரி. க. ம-வில் கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் பிரதி மத்யமத்தை, உயரமான ம-வை, பிடித்தேன். அதேதான். மேல் ஷட்ஜம் வரைக்கும் ஓர் இடத்திலும் பிசகவில்லை. "ஹங்கேரின்னு ஒரு தேசம் கீதாம். அங்க ஊரூராப் போய் வாசிக்கிற ஜனங்க பாட்டுன்னு சொன்னான்" என்றார் பாய். அந்த தேசம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அந்த ராகத்தில் ஒரு உருப்படி பண்ணுவது என்று ஆரம்பித்தோம். அவருடைய பட்டாள நடையில் நாலு வரி. அதற்கு முன்னால் நான் மெதுவாக எடுத்துக்கொடுக்கிற ஒரு முகப்பு. வேலை சுலபமாக நடக்கவில்லை. நான் தைவதத்தையும் மத்யமத்தையும் அசைத்துத்தான் வாசிப்பேன். வேறு மாதிரி வாசித்தால் அப்பா சாப்பிடுகிற தட்டை எடுத்து எறிவார். பாய்க்கு அந்த அசைவே பிடிக்காது.

"ஸ்வரத்த ஏன்யா ஆட்டிக்கினே கீற, குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி? நேரா நில்லு."

"நீ வாசிக்கிறது ஆணி அடிக்கிற மாதிரி கீது. நாலு ஆணி, அஞ்சு ஆணி, அவ்ளோதான்."

இப்படிச் சண்டை போட்டு, பேசாமல் இருந்து, மறுபடி பேசி, ஒருவழியாகப் பாட்டு உருவாயிற்று. என் பகுதியில் நான் அசைத்துக்கொள்ளலாம், அவர் பகுதியில் அவர் நேராகப் போவார், சேர்ந்து வாசிக்கும் இடத்தில் நான் அடக்கி வாசிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். மாஸ்டர் ஒரு தடவை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது, கொஞ்சம் வேகமா எடுங்க" என்றார்.

முதன்முதலில் அதை ஒடுகத்தூரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசித்தோம். சாயங்கால வேளை. சந்தை நாள் வேறு. கடைத்தெரு முழுக்க ஜனம். பூ ஜோடித்த காரில் மாப்பிள்ளை, பின்னால் பெண்கள். முகப்பை முடித்து, பாய் தன் வரிகளுக்குள் நுழைந்து, இரண்டாவது சுற்று போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் பேச்சை நிறுத்திக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"யோவ், நிறுத்துய்யா! கல்யாணத்துக்கு வந்தியா, கருமாதிக்கு வந்தியா? அங்க திரும்பிப் பாரு!"

திரும்பிப் பார்த்தோம். மாப்பிள்ளையின் தாயார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அதற்கு முந்தைய வருடம்தான் இறந்துபோனார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மாஸ்டர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். சைடு டிரம்காரரைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். உடனே ஒரு துள்ளல் பாட்டு ஆரம்பமாயிற்று. ஊர்வலம் நகர்ந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது மாஸ்டர் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். போளூரில் இறங்கிய பிறகுதான் சொன்னார்: "இனிமே அந்தப் பாட்டு என் செட்டுல கேக்கக்கூடாது."

பாய் விடவில்லை. "வாசிச்சதுல தப்பு இன்னா மாஸ்டர்?"

"வாசிச்சதுல தப்பு இல்ல. அழ வெச்சது தப்பு. கல்யாணத்துல அழ வெக்கறதுக்கு நம்மள யாரும் கூப்புடல."

எனக்கு அந்த அம்மாளின் முகம் கண்ணிலேயே நின்றது. மாஸ்டர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் பாட்டு போயிற்றே என்ற வருத்தமும் இருந்தது. பாய் அதற்குப் பிறகு சில நாள் ஒத்திகைக்கு வந்து, வாசித்து முடித்ததும் கிளம்பிப் போய்விடுவார்.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டு கிடங்குக்கு வந்தார். தோளில் கம்பளி, கையில் ஒரு தேன்குடுவை. ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலையில் ஓர் ஊர். புளி விற்கச் சந்தைக்கு வருவாராம். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்றும், பேண்டு வேண்டும் என்றும் சொன்னார்.

"மலையிலயா? உங்களுக்குத்தான் உங்க மேளம் கீதே" என்றார் மாஸ்டர்.

"அது கீது. அது பாட்டுக்கு வாசிப்பாங்க. அன்னிக்கிச் சந்தையில நான் நின்னுக்கினு இருந்தேன். பாதியில நிறுத்தச் சொல்லிட்டாங்களே ஒரு பாட்டு, அத்த முழுசாக் கேக்கணும்."

பாய் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் கையை ஆட்டினார். "அது வேணாங்க. அது ராசியில்லாத பாட்டு. வேற நல்ல பாட்டு நெறைய கீது."

வந்தவர் வாதாடவில்லை. "சரிங்க. நீங்க வந்து சேருங்க, அங்க பாத்துக்கலாம்" என்று தேன்குடுவையை வைத்துவிட்டுப் போனார்.

மாஸ்டருக்கு முழங்கால் வலி. மலை ஏற முடியாது. என்னையும் பாயையும் டிரம்காரர்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். "ஞாபகம் கீதில்ல?" என்று மட்டும் பாயைப் பார்த்துக் கேட்டார்.

ஒடுகத்தூரிலிருந்து அடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் ஏறுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு இடத்தில் இரண்டு பாறைக்கு நடுவில் அது மாட்டிக்கொண்டது. டிரம்காரர் பின்னாலிருந்து தள்ளினார், பாய் முன்னாலிருந்து இழுத்தார். எதிரே விறகோடு இறங்கி வந்த இரண்டு பேர் சிரித்து முடித்துவிட்டு, அதைத் தலைக்கு மேலே தூக்கி வெளியே எடுத்து, ஊர் வரைக்கும் அவர்களே சுமந்து வந்தார்கள்.

மேலே நல்ல குளிர். குளிரில் கிளாரினெட்டின் சுருதி இறங்கிவிடும். நான் அதைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் காலையில். அவர்களுடைய மேளக்காரர்கள் முதலில் அடித்தார்கள், கொஞ்ச நேரம் நாங்கள், மறுபடி அவர்கள். எங்களுடைய துள்ளல் பாட்டுகளை ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. யார் காலும் தாளம் போடவில்லை. அவர்களுடைய மேளம் தொடங்கினால் மட்டும் கிழவர்கள்கூட எழுந்து ஆடினார்கள். சிவப்புக் கோட்டுக்குள் எனக்குக் கூச்சமாக இருந்தது.

பெண்ணின் தாயார்தான் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். சாமைச் சோறு வெந்ததா என்று பார்ப்பார், வந்தவர்களை உட்காரவைப்பார், மகளின் தலையில் பூவைச் சரி பண்ணுவார். அவர் ஓரிடத்தில் நின்று நான் பார்க்கவில்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்தார்கள். மாப்பிள்ளை ஊர் மலையின் அந்தப் பக்கம். பொழுதிருக்கக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் சேரலாம். பெண்ணின் அப்பா எங்களிடம் வந்தார்.

"பொண்ணு கெளம்புது. இப்ப வாசிங்க அத்த."

பாய் என்னைப் பார்த்தார். நான் தயங்கிக்கொண்டே சொன்னேன்: "மாஸ்டர் கூடாதுன்னுட்டாருங்க. அழற பாட்டுன்னு…"

"தெரியும். அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். பொண்ண அனுப்பற நேரத்துல அழாம எப்ப அழறது? உங்க மாஸ்டரா அனுப்பறாரு? நான்தான அனுப்பறேன்."

பாய் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டார். டிரம்காரர் ஏற்கெனவே குச்சியைக் கையில் எடுத்துவிட்டார்.

கிளாரினெட்டைக் கம்பளிக்குள்ளிருந்து எடுத்து முகப்பை ஆரம்பித்தேன். பெண் எல்லோருடைய காலிலும் விழுந்து எழுந்தாள். கூட்டம் ஊர் எல்லையில் இருந்த அத்திமரம் வரைக்கும் நடந்தது. நாங்களும் வாசித்துக்கொண்டே கூட நடந்தோம். அதற்கு மேல் பெண்வீட்டார் போவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துக்கொண்டு மேட்டுச் சரிவின் விளிம்போடு போகும் பாதையில் இறங்கினார்கள். நாங்கள் மரத்தடியில் நின்று தொடர்ந்து வாசித்தோம். எனக்கு அன்றைக்கு விரல் நன்றாக ஓடியது. மத்யமத்தை அசைத்து அசைத்துக் கீழே இறக்கினேன்.

அந்தத் தாயார் என் பக்கத்தில் வந்து நின்றார். பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"நீ நிறுத்திக்கோப்பா. உன்னுது இங்கயே சுத்துது. அவுரு வாசிக்கட்டும். அவுருதுதான் பொண்ணுக்குக் கேக்கும்."

சுருக்கென்று இருந்தது எனக்கு. ஆனால் அவர் சொன்னது சரி. காற்று எதிர்ப்பக்கமிருந்து வீசியது. என்னுடைய அசைவும் குழைவும் பத்தடி தாண்டியிருக்காது. கிளாரினெட்டை இறக்கிவிட்டேன். டிரம்மும் நின்றது. பாய் மட்டும் வாசித்தார்.

ஆணி என்று நான் சொன்னேனே, அவருடைய அந்த ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தைத் தாண்டிப் போய் எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வந்தன. பாதையில் போய்க்கொண்டிருந்த பெண் ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தாள். கேட்கிறது என்பது தெரிந்தது. பாய் நிறுத்தவில்லை. அவர்கள் எறும்பு அளவுக்குச் சிறியவர்களாகி, பாறை முடுக்கில் மறையப்போகிற சமயம், கடைசி வரியில் அவர் மத்யமத்தை அசைத்தார். டிரம்பெட்டில் அது சுலபமில்லை. உதட்டால் செய்ய வேண்டும். கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. என்னுடைய அசைவுதான் அது. நேராக நில் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர் அதை எப்போது கேட்டு மனதில் வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

பெண் மறைந்தாள். தாயார் அப்படியே மரத்தடி மண்ணில் உட்கார்ந்து அழுதார். சத்தம் போட்டு, மூச்சு வாங்க, நன்றாக அழுதார். பெண்ணின் அப்பா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கம்பளியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மற்றப் பெண்களும் அழுதார்கள். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லமுடியாது. பிறகு தாயார் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு எங்களிடம் சொன்னார்: "வாங்க, வாங்க, நீங்க இன்னும் சாப்புடல. சோறு ஆறிப்பூடும்."

சாப்பிடும்போது பாயிடம் கேட்டேன். "இன்னா பாய், குளிர்ஜுரமா?"

"உதடு வெடிச்சிருக்குய்யா, அதான் நடுங்கிட்டுது" என்றார். பச்சைப் பொய். நானும் விட்டுவிட்டேன்.

மாஸ்டரிடம் மறைக்க முடியவில்லை. டிரம்காரர் மறுநாளே முழுக்கதையையும் சொல்லிவிட்டார். மாஸ்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, மென்றுகொண்டே சொன்னார்: "மலைக்கு மேல வாசிங்க. அடிவாரம் இறங்கிட்டா வாயே தொறக்கக்கூடாது." அப்படியே நடந்தது. அடுத்த வருடங்களில் பக்கத்து மலையூர்களிலிருந்தும் எங்களைக் கூப்பிட்டார்கள். பெண் கிளம்பும் நேரத்துக்கு அந்தப் பாட்டு என்பது தானாக வழக்கமாகிவிட்டது. என் முகப்பு ஊருக்குள், டிரம்பெட் எல்லையில். இதற்கு யாரும் ஒப்பந்தம் போடவில்லை.

பாய் நாலு வருடம் போல எங்களோடு இருந்தார். வீட்டில் கல்யாணம் பண்ணிவைத்தார்கள். பெரியவர்கள் வாத்தியம் வேண்டாம் என்றதால் அவர் கல்யாணத்தில் பேண்டு கிடையாது. நாங்கள் வாணியம்பாடிக்குப் போய் பிரியாணி சாப்பிட்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் அவரைப் பார்த்துக் கேலி பண்ணிவிட்டு வந்தோம். கொஞ்ச நாளில் பெங்களூரில் ஒரு கிளப்பில் வாத்தியக்காரர் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். போகும் முன் கிடங்குக்கு வந்து என்னோடு ஒரு தடவை அந்தப் பாட்டை வாசித்தார். வழக்கம்போல நடுவில் சண்டை வந்தது. அவருக்குப் பதிலாக வந்த டிரம்பெட்காரர் நல்லவர், ஆனால் ம-வைத் தொடும்போதெல்லாம் வழுக்குவார். மலையூர்களில், "அந்த பாய் எங்கங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அறுபதுகளின் கடைசியில் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்து ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அதற்குள் மாஸ்டர் இல்லை, செட்டும் சிறியதாகிவிட்டது. வழியில் ஒரு சரிவில் பெண்கள் சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பாடினார்கள்.

*பொழுதிருக்க வூடு சேரு,*
*போற வழி பாத்துப் போடி.*

சில அடி நடந்த பிறகுதான் காதில் உறைத்தது. எங்கள் பாட்டு. பாயின் நாலு வரி. ஏதோ ஒரு கல்யாணத்தில் கேட்டு, யாரோ அதற்கு வார்த்தை போட்டிருந்தார்கள். ஆனால் ஒன்று மாறியிருந்தது. மத்யமம் கீழே இறங்கிவிட்டது. க-விலிருந்து ம-வுக்கு அந்தத் தாண்டல் வாய்ப்பாட்டில் கஷ்டம். பாடிப் பாடி அதைப் பக்கத்துப் படிக்கு இறக்கிக்கொண்டு விட்டார்கள். மேலே த-வுக்கும் நி-க்கும் நடுவில் இருக்கும் தாண்டல் அப்படியே இருந்தது. எங்கள் கணக்கில் அது இப்போது கீரவாணி. வேறு ராகம்.

நான் நிற்பதைப் பார்த்து அவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். எடுத்துக்கொடுத்தவளுக்கு இருபது வயது இருக்கலாம்.

"இது எங்கம்மா கத்துக்கினீங்க?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ப் பாட்டுங்க இது. எங்க ஆயா காலத்துலேர்ந்து கீது."

அப்படியா என்றேன். பெட்டியைத் திறந்து கிளாரினெட்டின் துண்டுகளைப் பொருத்தினேன். மறுபடி ஒரு தடவை பாடச் சொன்னேன். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துவிட்டு, பிறகு பாடினார்கள். நான் சுத்த மத்யமத்தில், அவர்கள் இறக்கிக்கொண்ட அந்த ம-வில், விரலை வைத்துக்கொண்டு, அவர்கள் போகும் வழியிலேயே கூடப் போனேன்.